டிராக்டருக்கு ஒரு தராசு, லாரிக்கு இன்னொன்று

ஈரோட்டு மஞ்சள் மண்டிக்கு மூட்டை ஏற்றிப் போகும் குட்டியானை எனப்படும் சிறு சரக்கு வண்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். வண்டியும் சுமையும் சேர்ந்தால் இரண்டு டன்னைத் தாண்டாது. ஆனாலும் அதற்கு மஞ்சள் நம்பர் பிளேட் வேண்டும். முதல் எட்டு ஆண்டுகள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன் பிறகு ஆண்டுதோறும், வண்டியைத் தட்டிக்கொட்டி பெயின்ட் அடித்து எஃப்.சி. எனும் தகுதிச் சோதனைக்குக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். விளக்கு எரியாவிட்டாலும் பின்பக்க ஒளிர்பட்டை கிழிந்திருந்தாலும் பிரேக் இன்ஸ்பெக்டர் திருப்பி அனுப்பிவிடுவார். அதே சாலையில் அதைப் போலப் பல மடங்கு எடையில் கரும்பையோ செங்கல்லையோ ஏற்றிய டிரெய்லரை இழுத்துக்கொண்டு ஒரு டிராக்டர் போகிறது. விவசாய டிராக்டர் என்று ஆர்.சி. புத்தகத்தில் பதிவாகியிருந்தால், நடைமுறையில் அதை யாரும் எஃப்.சி.க்கு அழைப்பதில்லை. சொந்தக் காருக்குத் தருவதுபோல 15 ஆண்டுப் பதிவு கிடைத்துவிடுகிறது. அவ்வளவு காலமும் அதன் பிரேக்கையோ விளக்கையோ எந்த அதிகாரியும் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை.

இந்த வேறுபாடு ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் அலட்சியத்தால் மட்டும் வந்ததல்ல. சட்டம் எழுதப்பட்டிருக்கும் விதத்திலேயே அது இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் இலகுரக வாகனத்துக்கு 7,500 கிலோ என்று எல்லை வகுத்திருக்கிறது. சரக்கு வண்டி என்றால், வண்டியின் எடையோடு அது ஏற்றக்கூடிய சுமையையும் சேர்த்த மொத்த எடை அந்த எல்லைக்குள் இருக்க வேண்டும். டிராக்டர் என்றால் வெற்று எடையை மட்டும் பார்த்தால் போதும். கனரக சரக்கு வண்டிக்கான 12,000 கிலோ எல்லையிலும் இதே கதைதான்: லாரிக்கு மொத்த எடை, டிராக்டருக்கு வெற்று எடை. நம் ஊர் வயல்களில் ஓடும் டிராக்டர்களில் பெரும்பாலானவை இரண்டு டன் அளவில் இருப்பவை. பின்னால் எவ்வளவு பெரிய டிரெய்லரை மாட்டினாலும், எவ்வளவு சுமை ஏற்றினாலும், ஓட்டுநர் உரிமத்தைப் பொறுத்தவரை அது இரண்டு டன் வண்டிதான். சாலையில் எதிரே வருகிறவருக்கோ பின்னால் வருகிறவருக்கோ அது இரண்டு டன் வண்டி இல்லை. வண்டிகளை அவற்றின் நோக்கத்தை வைத்துப் பிரிப்பதை விட்டு, சாலைப் பாதுகாப்பு தொடர்பான எல்லாவற்றுக்கும் எடையையும் அமைப்பையும் மட்டுமே அடிப்படையாகக் கொள்ள வேண்டும் என்பதே என் வாதம். விவசாயிக்குத் தர வேண்டிய வரிச் சலுகை அப்படியே தொடரட்டும். அந்தச் சலுகையும் பாதுகாப்பு விதியும் ஒரே முடிச்சில் கட்டப்பட்டிருப்பதுதான் கோளாறு.

1988-இல் இப்படி எழுதியதற்குக் காரணம் இருந்தது. சட்டத்தின் கண்ணில் டிராக்டர் என்பது தானே சுமை ஏற்றுவதற்கெனக் கட்டப்படாத இயந்திரம். ஏர், கொழு, சுழல்கலப்பை என்று வயலுக்குள் வேலை செய்துவிட்டு, அறுவடை முடிந்ததும் நெல்லைக் களத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டுவருவதோடு அதன் சாலைப் பயணம் முடிந்துவிடும் என்று எண்ணியிருக்கலாம். இன்றைய நிலைமை வேறு. சூளையிலிருந்து செங்கல், கிரஷரிலிருந்து ஜல்லியும் எம்-சாண்டும், கோடையில் தண்ணீர் டேங்க், கடையிலிருந்து சிமென்ட் மூட்டை, கோயில் திருவிழாவுக்குப் பந்தல் சாமான் என்று ஊரின் பாதிச் சரக்கு டிராக்டரில்தான் நகர்கிறது. உழவு இருக்கும் நாட்கள் போக மீதி நாட்களில் வாடகைக்கு ஓட்டினால்தான் தவணை கட்ட முடியும் என்ற நிலையில் இருக்கிற சிறு விவசாயியை இதற்காகக் குற்றம் சொல்ல முடியாது. அவருடைய வண்டி சரக்கு வண்டியாகிவிட்டது. சட்டம் அதை இன்னும் உழவு இயந்திரமாகவே பார்த்துக்கொண்டிருக்கிறது.

எது போக்குவரத்து வாகனம், எது போக்குவரத்து அல்லாத வாகனம் என்று மத்திய அரசு 2004 நவம்பர் 5-ஆம் தேதி ஓர் அறிவிக்கை வெளியிட்டது. வண்டி வகைகளை நோக்கத்தைக் கொண்டு பிரித்தால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று தேவையில்லை. போக்குவரத்து அல்லாத வாகனங்களின் பட்டியலில் விவசாய டிராக்டரும் பவர் டில்லரும் இருக்கின்றன. போக்குவரத்து வாகனங்களின் பட்டியலில், பொதுச் சாலையைப் பயன்படுத்தும் டிராக்டரும் பவர் டில்லரும் இருக்கின்றன. வயலிலிருந்து வீட்டுக்கு வர எந்த விவசாய டிராக்டரும் பொதுச் சாலையில் ஏறியே தீர வேண்டும். அப்படியானால் அது எந்தப் பட்டியலைச் சேர்ந்தது? திருச்செங்கோட்டிலிருந்து இந்தியா முழுவதும் போய் ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற ரிக் வண்டிகளைப் பாருங்கள். கனரக லாரி அடிச்சட்டத்தின் மேல் துளையிடும் இயந்திரத்தை ஏற்றியவை அவை. ரிக், ஜெனரேட்டர், கம்ப்ரசர் பொருத்திய வண்டிகளும் டிரெய்லர்களும் காரோடு சேர்ந்து போக்குவரத்து அல்லாத வாகனங்களின் பட்டியலில் வந்துவிடுகின்றன. ஆம்புலன்சும் நடமாடும் நூலக வேனும் போக்குவரத்து வாகனங்கள். வேன் அளவே உள்ள நூலக வண்டிக்குப் பொருந்தும் தகுதிச் சோதனை, பல டன் எடையுள்ள ரிக்கைத் தொடுவதில்லை.

படுக்கை, கழிப்பறை, சமையல் மேடையோடு வரும் கேரவன் விஷயத்தில் நோக்கத்தைப் பார்ப்பது ஓரளவு பொருந்துகிறது. சொந்தப் பயன்பாட்டுக்கான கேம்பர் வேனும் டிரெய்லரும் ஒரு பட்டியலில், மற்றவை இன்னொரு பட்டியலில் என்று அதே அறிவிக்கை பிரிக்கிறது. படப்பிடிப்புத் தளங்களில் வாடகைக்கு நிற்கும் கேரவன் ஒரு தொழில் வாகனம், குடும்பத்தோடு ஊர் சுற்றச் சொந்தமாக வைத்திருப்பது அப்படியல்ல. அண்டை மாநிலமான கேரளம் 2021-இல் கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்த பிறகு இந்த வண்டிகள் தென்னிந்தியச் சாலைகளுக்குப் புதியவை அல்ல. வாடகைக்கு விடும் வண்டிக்குக் கூடுதல் வரியும் பெர்மிட்டும் கேட்பது நியாயமே. ஆனால் தண்ணீர்த் தொட்டியும் மரச் சாமான்களும் ஏற்றி உயரமாகக் கட்டிய ஒரு வேன், வளைவில் சாயும் அபாயம் அதன் சொந்தக்காரர் யார் என்பதைப் பொறுத்து மாறாது. வரிக்குப் பொருந்தும் அளவுகோல் பாதுகாப்புக்குப் பொருந்தாமல் போவது இந்த இடத்தில்தான்.

இந்தக் குழப்பத்தின் சுமை கடைசியில் நீதிமன்றங்களின் தலையில் விழுந்தது. டிராக்டர் ஓட்ட உரிமம் உள்ளவர் டிரெய்லரை மாட்டி ஓட்டுவதால் அந்த உரிமம் செல்லாததாகிவிடாது என்று 2001-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. டிராக்டரும் டிரெய்லரும் சேர்ந்து சரக்கை ஏற்றிப் போகும்போது அது சரக்கு வண்டிதான், பெர்மிட் வேண்டும் என்று 2005-இல் அதே நீதிமன்றம் இன்னொரு வழக்கில் சொன்னது. சட்டத்தின் சொற்களை வைத்துப் பார்த்தால் இரண்டும் சரியான தீர்ப்புகளே. இரண்டையும் சேர்த்துப் படித்தால், பெர்மிட்டுக்கு லாரியாக இருக்கும் வண்டி, லைசென்சுக்கு டிராக்டராக இருக்கிறது. இவற்றுக்கு நடுவே 2004-இல் வந்த தீர்ப்பு சாதாரண மக்களை நேரடியாகத் தொடுவது. காய்கறி வாங்கி விற்கும் வியாபாரி ஒருவர், வாங்கிய காய்கறியை டிராக்டர் டிரெய்லரில் ஏற்றிச் சந்தைக்குப் போகும்போது விபத்தில் இறந்துபோனார். காய்கறி விளைபொருள்தான், ஆனாலும் வியாபாரி அதை விற்பனைக்குக் கொண்டுபோவது விவசாயப் பயன்பாடு ஆகாது என்று நீதிமன்றம் கருதியது. அதே காய்கறிக் கூடையை அதே டிராக்டரில் விளைவித்தவரே கொண்டுபோயிருந்தால் கதை வேறாகியிருக்கலாம். கூடைக்குச் சொந்தக்காரர் யார் என்பதைப் பொறுத்து வண்டியின் வகை மாறுமென்றால், இரவு பத்து மணிக்குச் சாலையில் நிற்கும் காவலர் எதை வைத்து முடிவெடுப்பார்?

காவலர் முடிவெடுக்கக்கூடியவை வேறு இருக்கின்றன. அரவைப் பருவத்தில் கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கம் ஆலைக்குப் போகும் கரும்பு டிரெய்லரின் பின்பக்கத்தைப் பார்த்தால் போதும். கட்டுக்கட்டாக அடுக்கிய கரும்பு, பெட்டியின் விளிம்பைத் தாண்டி முழக்கணக்கில் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும். தொங்கும் சோகை, பின்பலகையில் ஒளிர்பட்டை ஒட்டியிருந்தாலும் அதை மறைத்துவிடும். டிராக்டரிலிருந்து பின்விளக்குக்கு இழுத்த ஒயர் பெரும்பாலும் எங்கோ அறுந்து தொங்கும். ஊர்ப் பட்டறையில் பற்றவைத்துக் கட்டிய பல டிரெய்லர்களில் தனியாக பிரேக் கிடையாது. இழுக்கும் டிராக்டரின் பிரேக்கே மொத்தச் சுமையையும் நிறுத்த வேண்டும். இறக்கத்தில் திடீரென்று பிரேக் மிதித்தால் பின்னாலிருக்கும் சுமை டிராக்டரையே தள்ளிப் பக்கவாட்டில் மடக்கிவிடும். டிரெய்லரைத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும், இழுக்கும் வண்டியின் எண் கடைசி டிரெய்லரின் பின்னாலும் தெரிய வேண்டும் என்று சட்டத்தின் 61-ஆவது பிரிவு சொல்கிறது. எத்தனை டிரெய்லர்களின் பின்னால் எண்ணைப் பார்க்க முடிகிறது என்பது நெடுஞ்சாலையில் போகிற யாருக்கும் தெரியும். 2022-இல் தமிழகத்தில் 64,105 சாலை விபத்துகள் நடந்தன. நாட்டிலேயே அதிக எண்ணிக்கை அதுதான். 17,884 பேர் இறந்தார்கள். இவை எல்லாவற்றுக்கும் டிராக்டரைக் காரணம் காட்டுவது தவறு. ஆனால் இத்தனை உயிர்கள் போகிற மாநிலத்தில், விளக்கில்லாமல் நகர்கிற பல டன் சுமையைச் சோதனைக்கு வெளியே விட்டுவைக்க நியாயம் எதுவும் கிடையாது.

டிரெய்லரில் சரக்கு மட்டும் போவதில்லை என்பதுதான் இதில் நெஞ்சை அறுக்கும் பகுதி. நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் பெண்கள், குலதெய்வம் கும்பிடப் போகும் குடும்பங்கள், கூட்டத்துக்கு ஆள் திரட்டிப் போகிறவர்கள் என்று எல்லோரும் அதில் ஏறுகிறார்கள். பேருந்து வராத ஊரில் வேறு வழியும் இல்லை. உத்தரப் பிரதேசத்தின் கான்பூர் மாவட்டத்தில் 2022 அக்டோபர் முதல் தேதி, கோயிலுக்குப் போய்த் திரும்பியவர்களை ஏற்றிவந்த டிராக்டர் டிரெய்லர் குளத்தில் கவிழ்ந்து 25-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். இப்படி ஒரு விபத்து நடந்தால், சரக்கு வண்டியில் கட்டணமில்லாமல் ஏறியவர்களுக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பாகாது என்பது உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லிவிட்ட நிலைப்பாடு. விவசாயத்துக்கென்று காப்பீடு செய்த டிராக்டரை வேறு வேலைக்குப் பயன்படுத்தினார்கள், டிரெய்லருக்குத் தனியாகக் காப்பீடு இல்லை என்று மறுப்பதற்கு இன்னும் இரண்டு காரணங்கள் கையில் இருக்கின்றன. இழப்பீட்டு வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும். கடைசியில் டிராக்டர் சொந்தக்காரர்தான் தர வேண்டும் என்று தீர்ப்பு வந்தால், அந்தச் சிறு விவசாயியிடம் கொடுக்க என்ன இருக்கும்? வகைப்பாட்டின் ஓட்டையில் விழுகிறவர்கள் இரண்டு பக்கமும் ஏழைகளே.

வரி அமைப்பும் இந்த ஓட்டையை அகலமாக்குகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. சரக்கு லாரிகளுக்கு 28-லிருந்து 18 ஆனது. லாரிகள் 2020 ஏப்ரல் முதல் பி.எஸ்-6 புகை விதிக்கு உட்பட்டவை. 50 குதிரைத் திறனுக்குக் குறைந்த டிராக்டர்களுக்கு, அதாவது நாட்டில் விற்கும் பெரும்பாலான டிராக்டர்களுக்கு, இன்னும் பழைய விதிதான். உழவனுக்கு இந்தச் சலுகைகள் வேண்டும். அதில் எனக்குத் தயக்கம் எதுவும் இல்லை. ஆனால் செங்கல் ஏற்றிப் பிழைக்க நினைக்கும் ஒருவர் சின்ன லாரி வாங்குவதா, டிராக்டரும் டிரெய்லரும் வாங்குவதா என்று கணக்குப் போட்டால் பதில் என்னவாக இருக்கும்? பாதுகாப்பான வண்டியை வாங்குகிறவருக்குத்தான் வரியும் எஃப்.சி.யும் மஞ்சள் பிளேட்டும் சுமையாகின்றன. ஜி.எஸ்.டி. சட்டமே ஒரு வேறுபாட்டைச் சரியாகச் செய்திருப்பதையும் கவனிக்க வேண்டும். பெரிய அரை-டிரெய்லரை இழுக்கும் 1,800 சி.சி.க்கு மேற்பட்ட சாலை டிராக்டருக்கு 5 சதவீதச் சலுகை கிடையாது. அதற்கும் லாரியைப் போல 18 சதவீதம்தான். வண்டியின் அமைப்பைப் பார்த்துப் பிரிப்பது முடியாத காரியம் அல்ல என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

எடையை அடிப்படையாக்குவது புதிய யோசனையும் இல்லை. இலகுரக வாகன உரிமம் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை ஓட்டலாமா, தனி ஒப்புதல் வேண்டுமா என்ற கேள்வி பல ஆண்டுகள் இழுபட்டது. 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு ஓட்டலாம் என்றது. காப்பீட்டு நிறுவனங்கள் ஏற்காமல் மீண்டும் நீதிமன்றம் போக, 2024 நவம்பர் 6-ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு அதை ஒருமனதாக உறுதி செய்தது. அப்படிப்பட்ட ஓட்டுநர்களால் விபத்து கூடியிருக்கிறது என்பதற்கு எந்தப் புள்ளிவிவரமும் முன்வைக்கப்படவில்லை என்பதையும் அமர்வு சுட்டிக்காட்டியது. சொந்த வண்டியா வாடகை வண்டியா என்று பார்க்காமல் எடையைப் பார்த்த தீர்ப்பு அது. வண்டித் தயாரிப்பாளர்களுக்கான தரநிர்ணயத்திலும் சரக்கு வண்டிகள் 3,500 கிலோ வரை, 12,000 கிலோ வரை, அதற்கு மேல் என்று எடையால்தான் பிரிக்கப்படுகின்றன. பெர்மிட் விலக்குக்கு 3,000 கிலோ, லைசென்சுக்கு 7,500 கிலோ என்று எல்லைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் கிடப்பது வேறு விஷயம். ஐரோப்பிய ஒன்றியத்தில் சாதாரண கார் உரிமத்தோடு 750 கிலோ வரையிலான டிரெய்லரை இழுக்கலாம். அதைவிடப் பெரிய டிரெய்லர் என்றால் காரும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த எடை 3,500 கிலோவைத் தாண்டக் கூடாது. 4,250 கிலோ வரை போக வேண்டுமானால் கூடுதல் பயிற்சியோ தேர்வோ வேண்டும். விடுமுறைக்குக் கேரவன் இழுத்துப் போகும் குடும்பத்துக்கும் அந்தக் கணக்குதான். இழுக்கும் வண்டியையும் இழுபடும் வண்டியையும் ஒன்றாக எடை போடுவதே அதன் சாரம். அங்கும் விவசாய டிரெய்லர்களுக்கு வேறு வகை உண்டு. அந்த வகைக்குள்ளும் பிரிவுகள் எடையைக் கொண்டே அமைந்திருக்கின்றன.

விலை கிடைக்காமல் தவிக்கும் விவசாயியின் மேல் இன்னொரு செலவா என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்வி. நான் கேட்பது பெர்மிட்டோ மஞ்சள் பிளேட்டோ லாரிக்கான சாலை வரியோ அல்ல. குறிப்பிட்ட எடைக்கு மேல் போகும் டிரெய்லருக்குத் தனி பிரேக், எரியும் பின்விளக்கு, சுமை மறைக்காத இடத்தில் ஒளிர்பட்டை, பின்னால் எண், வண்டியோடு சேர்த்து மூன்றாம் நபர் காப்பீடு, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சோதனை, அவ்வளவுதான். ஒளிர்பட்டையும் விளக்கும் ஒரு நடை வாடகைக்குள் அடங்கிவிடும் செலவு. பிரேக் பொருத்துவது மட்டும் கூடுதல் செலவு. கருவிகளுக்கு மானியம் தரும் வேளாண் பொறியியல் துறை இதற்கும் தரலாம். சோதனையை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வைக்காமல் ஒன்றியம்தோறும் முகாம் போட்டு இலவசமாகச் செய்யலாம். சொந்த நிலத்துக்கும் களத்துக்கும் நடுவில் ஓடும் சிறு பெட்டிக்கு இவை எதுவும் வேண்டியதில்லை. எடையை அடிப்படையாக வைத்தால், அந்தச் சிறு விவசாயிக்கு விலக்கு தானாகவே கிடைத்துவிடும்.

டிராக்டர் மெதுவாகப் போகிற வண்டி, அதனால் பெரிய ஆபத்து இல்லை என்பது அடுத்த வாதம். ஊர்ச் சாலையில் அது உண்மையாக இருக்கலாம். நான்குவழிச் சாலையில் மெதுவாகப் போவதே ஆபத்து. மணிக்கு 90 கிலோமீட்டரில் வருகிறவருக்கு முன்னால் 20 கிலோமீட்டரில் விளக்கில்லாமல் நகரும் டிரெய்லர், நின்றுகொண்டிருக்கும் சுவருக்குச் சமம். முகப்பு விளக்கின் வெளிச்சத்தில் அது தெரியும்போது பிரேக் பிடிக்க நேரம் இருக்காது.

இருக்கிற விதியையே அமல்படுத்தவில்லை, புதிய வகைப்பாடு எதற்கு என்பார்கள் சிலர். விதியை அமல்படுத்த முடியாததற்கு வகைப்பாடே பாதிக் காரணம். நோக்கம் என்பது வண்டியை நிறுத்திக் கண்ணால் பார்க்கக்கூடிய விஷயம் அல்ல. சொன்னால் நம்ப வேண்டும், நம்பாவிட்டால் வாக்குவாதம், வாக்குவாதம் முற்றினால் கையூட்டு. எடையை அளந்துவிடலாம், விளக்கையும் பிரேக்கையும் சோதித்துவிடலாம். அளப்பதற்குப் புதிதாக எதையும் கட்ட வேண்டியதுகூட இல்லை. ஆலைக்குள் நுழையும் ஒவ்வொரு கரும்பு வண்டியும் எடைமேடையில் ஏறித்தான் ஆக வேண்டும். விவசாயிக்குப் பணம் கணக்கிடுவதே அந்த எடையை வைத்துத்தான். குவாரியிலிருந்து புறப்படும் ஜல்லிக்கும் நடைச்சீட்டு உண்டு. எந்த டிரெய்லர் எத்தனை டன் இழுத்தது என்ற கணக்கு ஏற்கெனவே தாளில் இருக்கிறது. ஓவர்லோடுக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் என்று 2019 திருத்தம் சொல்கிறது. டிரெய்லரையும் மோட்டார் வாகனம் என்றே சட்டம் வரையறுப்பதால் அது டிரெய்லருக்கும் பொருந்தும். அபராதம் போட்டு விவசாயியை வதைப்பதைவிட, ஆலையின் வாசலிலேயே வண்டியை முறைப்படுத்துவது எளிது, மனிதத்தன்மையும் அதுதான்.

வெற்று எடை என்ற சொல்லை நீக்கி, டிராக்டரும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த எடை என்று திருத்த வேண்டியது நாடாளுமன்றம். 2004 அறிவிக்கையில் ஒரே வண்டி இரண்டு பட்டியலில் இருப்பதைச் சரிசெய்ய வேண்டியது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம். அவை வரும்வரை தமிழக அரசு காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த அரவைப் பருவத்துக்கு முன், போக்குவரத்துத் துறையும் வேளாண் பொறியியல் துறையும் சர்க்கரை ஆலைகளும் சேர்ந்து, பின்விளக்கும் ஒளிர்பட்டையும் எண்ணும் இல்லாத டிரெய்லருக்கு ஆலை வாசலிலேயே அவற்றைப் பொருத்தி அனுப்பும் ஏற்பாட்டைத் தொடங்க வேண்டும். செலவை ஆலைகளும் அரசும் பகிர்ந்துகொள்ளட்டும்.